அடுப்புக் கிழவன் விளக்கு

எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் விளக்குக்காரர் கடைசி ஆளாகத்தான் வெளியே வருவார். கடையாகட்டும், கோப்பி ஸ்டோராகட்டும், கல்யாண வீடாகட்டும், எல்லோரும் போன பிறகு வாசலில் நின்று உள்ளே திரும்பிப் பார்ப்பார். மூலைமூலையாகப் பார்ப்பார். பிறகு, ஆளில்லாத அந்த அறையைப் பார்த்து, "வாங்க, போவோம்" என்பார். யாரோ வாசலைக் கடப்பதற்கு வழி விடுகிறவர்போல ஒதுங்கி நிற்பார். அப்புறம்தான் கதவைச் சாத்துவார்.

வண்டிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இலங்கையில், கண்டி மலைப்பக்கத்துத் தெல்தெனியவில், கோப்பி வண்டிகள் மாடு மாற்றும் இடத்துக்கு எதிரே அவருடைய பட்டறை இருந்தது. வெள்ளைக்காரர்தான், ஆனால் துரை இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் அவரைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டதில்லை. ரஷ்யாக்காரர் என்று சிலர் சொன்னார்கள், போலந்துக்காரர் என்று சிலர் சொன்னார்கள். கேட்டால், "காட்டுக்கு நடுவில ஒரு ஊர்" என்பார். தோட்டங்களில் கோப்பி இயந்திரம் பழுதானால் சாக்கில் சுத்தியலைப் போட்டுக்கொண்டு மலை ஏறி வருவார். ஹுன்னஸ்கிரியப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தார். எல்லோரும் 'வெளக்குத் தொரை' என்று கூப்பிட்டோம். "நான் தொரை இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். பின்னாளில் இலையில் மஞ்சள் பொடி விழுந்து கோப்பி செத்தபோது, பட்டறையைப் பூட்டிவிட்டு அவரும் எங்கோ போய்விட்டார். போன இடம் தெரியாது.

கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற இயந்திரத்தில் உருளையைச் சுற்றி ஒரு செம்புத் தகடு போர்த்தியிருக்கும். தகடு முழுக்கக் குத்தி எழுப்பிய முட்கள். முள் மழுங்கினால் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார்கள். எறிந்ததை அவர் எடுத்துப் போவார். கத்திரியால் வெட்டி, மரக்குற்றியில் வைத்து அடித்து வளைத்து, ஆணி அறைந்து, விளக்கு செய்வார். அத்தனையும் அவர் நாட்டுக் கதைகளில் வருகிற உருவங்கள். வாலெல்லாம் சுடராக ஒரு நெருப்புப் பறவை. அதன் ஒரு இறகு கிடைத்தால் வீடு முழுக்க வெளிச்சமாம், ஆனால் எடுத்தவனுக்கு அன்றோடு நிம்மதி போயிற்றாம். கம்பி கம்பியாகக் கூந்தல் தொங்கும் ஆற்றுப் பெண் ஒருத்தி. பெரணிச் செடியின் பூ ஒன்று. கோடையில் ஒரே ஒரு ராத்திரி பூக்கும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை.

"பெரணி எங்கயாச்சும் பூக்குமா?" என்று கேட்டேன்.

"பூக்காது. அதனாலதான் செம்புல செஞ்சேன்" என்றார்.

பறவை விளக்குகளைத் துரைமார் வாங்கி பங்களா வராந்தாவில் மாட்டினார்கள். வாங்க ஆளில்லாமல் கிடந்தது ஒன்றுதான். முழங்கை உயரத்தில் இரும்பால் செய்த ஒரு கிழவன். நெஞ்சு வரைக்கும் தாடி, வயிற்றில் சின்னக் கதவு, உள்ளே அகல். திரியை ஏற்றிக் கதவை மூடினால் கண் வழியாகவும் தாடியின் இடுக்குகள் வழியாகவும் வெளிச்சம் வரும். பார்க்கப் பயமாக இருக்கும். வண்டிக்காரர்கள் முனி என்று சொல்லி அதற்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் அழிக்கமாட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் கங்காணி. கடல் தாண்டி எங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்குவது அவர் பொறுப்பு. ஒரு நாள் இயந்திர வேலை முடிந்ததும் விளக்குக்காரரைச் சாப்பிடக் கூட்டிவந்தார். அவர் சாப்பிட உட்காருமுன் என் அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்குப் பின்னால யாரு இருக்காங்க?"

"பூனை இருக்கு. வேற யாரு இருப்பா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டு அடுப்புக்குப் பின்னாலயும் ஒரு கிழவர் இருப்பார். சின்ன ஆள். தாடி. வீட்டுக்கு அவர்தான் காவல். வீடு மாறும்போது பழைய அடுப்புல நெருப்பு அள்ளிக்கிட்டு, 'தாத்தா, வாங்க, போவோம்'னு கூப்பிடணும். கூப்பிட்டாத்தான் வருவார்."

"கூப்பிடாட்டி?"

"அங்கயே இருப்பார். ஆள் இல்லாத வீட்ல உக்காந்து அழுவார்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நாங்க ஓடி வந்தோம். நான் கூப்பிடல."

ஏன் ஓடி வந்தார்கள் என்று சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தை இடித்துப் புது லயம் கட்டியபோதும் விளக்குக்காரர் அங்கே இருந்தார். ஆட்கள் சட்டி பானைகளோடு மாறிப் போனதும், கூரையைப் பிரிக்க வந்தவர்களை நிறுத்திவிட்டு ஒவ்வொரு அறையாக நுழைந்து பார்த்தார். ஓர் அறையிலிருந்து கூடையும் கையுமாக வந்தார். கூடையில் அடைகோழி, அதன் அடியில் முட்டைகள். கோழி அவர் கையைக் கொத்திக்கொண்டே வந்தது. "இவங்களைக் கூப்பிடாம போயிட்டீங்க" என்றார். லயமே சிரித்தது. என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

அதே வருஷம் மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து புது ஆட்களோடு வந்தார். மன்னாரில் இறங்கி, காட்டு வழி முழுக்க நடந்து, மாத்தளை தாண்டி வரவேண்டும். வழியில் பேதி கண்டிருந்தது. வந்தவர்கள் ஸ்டோர் வாசலில் ஈரத்துணியோடு குந்தியிருந்தார்கள். நான் கஞ்சி ஊற்றிக்கொண்டு போனேன். செல்லாயி என்ற பெண் சிரட்டையை நீட்டாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்பலத்துல படுத்திருக்கிறவங்க எப்பம்மா வருவாங்க? எங்கம்மா அங்க இருக்கு. வண்டியில பின்னால வருவாங்கன்னு கங்காணி சொன்னாரு."

அம்பலம் என்பது வழிப்போக்கர் தங்க ஊர்க்காரர்கள் கட்டி வைத்திருக்கும் மண்டபம். அக்குறணைக்கு அப்பால் அப்படி ஒன்று இருந்தது. நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தோளில் எப்போதும் கிடக்கும் கம்பளி இல்லை. ஆற்றில் போய்விட்டது என்றார்.

"அம்பலத்துல எத்தனை பேரு?"

"மூணு."

"வண்டி எங்க வருது?"

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி இல்ல. அவங்க தேற மாட்டாங்க. அவங்களுக்காக நின்னிருந்தா மத்த ஆளுகளும் விழுந்திருப்பாங்க. தொரை எத்தன பேரு வந்தாங்கன்னுதான் கேப்பாரு. வராதவங்களப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க."

நான் போட்டிருந்த தோடும், உடுத்தியிருந்த சேலையும், உலையில் கொதித்த அரிசியும் ஆள் கூட்டிவந்த சம்பாத்தியம். அந்த இடத்தில் நிற்கவே உடம்பு கூசியது. யாரிடம் சொல்வது? துரையிடம் சொன்னால் புருஷனைக் காட்டிக் கொடுத்தவளாவேன். சொல்லாவிட்டால் செல்லாயிக்கு மறுபடி கஞ்சி ஊற்ற வேண்டும்.

மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற அத்தனை பேரும் பார்க்க, இயந்திர வீட்டுக்கு நடந்தேன். உள்ளே விளக்குக்காரர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். கங்காணி பொண்டாட்டி வெள்ளைக்காரனைத் தேடிப் போகிறாள் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"நீங்களும் வாங்க. என் முகத்தைப் பாத்தா அவங்க பயப்படுவாங்க."

ஸ்டோரில் நின்ற மாட்டு வண்டி ஒன்றை அவர் பூட்டினார், செல்லாயியையும் ஏற்றிக்கொண்டோம். வண்டி பாதையில் திரும்பும் இடத்தில் என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"அந்த வண்டியில போனா, திரும்பி வந்து எறங்குறதுக்கு வேற வீடு பாத்துக்க" என்றார் என்னிடம்.

விளக்குக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் இறங்கவில்லை. மாட்டை ஓட்டினார். என் வீட்டுக்காரர் கடைசி நேரத்தில்தான் விலகினார்.

தெல்தெனியவில் மாடு மாற்றும்போது பட்டறைக்குள் போய், விற்காமல் கிடந்த இரும்புக் கிழவனைக் கொண்டுவந்து வண்டியில் கட்டினார். மகாவலி ஆற்றைக் கடந்து கண்டிக்குள் புகுந்து, கட்டுகஸ்தோட்டையில் அதே ஆற்றை மறுபடி கடந்தோம். மறுநாள் பொழுது சாயும்போது அம்பலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஊர்க்காரர்கள் தண்ணீரும் கஞ்சியும் படிக்கட்டில் வைத்திருந்தார்கள். கிட்டே வரப் பயம். உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. அவர் கிழவனின் வயிற்றுக் கதவைத் திறந்து திரியை ஏற்றினார், கதவை மூடி உயர்த்திப் பிடித்தார்.

ஒரு மூலையிலிருந்து பெண் குரல் கேட்டது. "யாரு? முனியப்பனா? கூட்டிட்டுப் போக வந்துட்டியா?"

"இல்லம்மா, நான் செல்லாயி. வண்டி வந்திருக்கு."

"முனியப்பனுக்கு எதுக்குடி வண்டி?"

செல்லாயி அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்தில் ஓர் இளைஞன் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தான். கண் மட்டும் வெளிச்சத்தின் பின்னாலேயே போனது. மூன்றாவது ஆள் தூணுக்குப் பக்கத்தில் தலையோடு போர்த்திக் கிடந்தான். விளக்கு அங்கே போனதும் போர்வையின் ஓரம் தெரிந்தது. எலி கடித்த இடத்தில் நான் சிவப்பு நூலால் தைத்திருந்தேன். என் வீட்டுக்காரருடைய கம்பளி.

"கங்காணி போத்திவிட்டது" என்றாள் செல்லாயியின் அம்மா. "அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சு. குளுருது குளுருதுன்னான். கங்காணி ரெண்டு தரம் படி எறங்கிப் போயிட்டுத் திரும்பி வந்தாரும்மா. அழுதாரு. அப்புறம் ஓடிட்டாரு. நீ யாரு தாயி?"

அதுவரைக்கும் எனக்குக் கோபம் இருந்தது. அது என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. கம்பளியைப் பார்த்த பிறகு அதுவும் போய்விட்டது. ஆற்றில் போய்விட்டது என்று என்னிடம் சொன்ன அந்த மனிதரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "கங்காணி சம்சாரம்" என்று சொன்னேன்.

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து தூரத்தில் நின்றார்கள். குழியை அவர்கள் வெட்டினார்கள், இறந்தவனை விளக்குக்காரர் தூக்கினார். கம்பளியை எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். மற்ற இருவரையும் வண்டியில் படுக்க வைத்த பிறகு, அவர் மறுபடி படியேறி அம்பலத்துக்குள் போய் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். "வாங்க, போவோம்" என்றார். ஒதுங்கி நின்றார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. செல்லாயிகூட நகர்ந்து இடம் விட்டாள்.

திரும்பி வந்தபோது லயத்து ஆட்கள் எல்லோரும் ஸ்டோர் வாசலில் கூடிவிட்டார்கள். துரையும் குதிரையோடு நின்றிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். எங்கே இறங்குவது என்று தெரியாமல் நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். யார் அனுப்பிய வண்டி என்று துரை இங்கிலீஷில் கேட்டார். விளக்குக்காரர் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழில் பதில் சொன்னார்.

"கங்காணி அனுப்பினார். நோயாளிங்களப் பாக்க ஆள் வேணும்னு தன் சம்சாரத்தையே அனுப்பினார்."

பாதையில் மறித்து நின்றதைப் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் துரைக்கு முன்னால் யார் வாய் திறப்பார்கள்? கொஞ்ச நாளில் அவர்களுக்கும் இந்தக் கதைதான் பிடித்துப் போனது. புருஷன் பொண்டாட்டி சண்டை வேறு, வண்டி விஷயம் வேறு என்று சொல்லிக்கொண்டார்கள். நான் இறங்கி என் வீட்டுக்குப் போனேன். அந்த ஒரு பொய்யால்தான் எனக்கு வீடு திரும்பக் கிடைத்தது. வீட்டில் நாங்கள் இருவரும் கம்பளியைப் பற்றிப் பேசவே இல்லை. பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு அவர் அந்த மழைக்காலத்தைக் கழித்தார்.

செல்லாயியின் அம்மாவும் அந்த இளைஞனும் பிழைத்தார்கள். 'ஆளை வழியில் விடாத கங்காணி' என்று என் வீட்டுக்காரருக்குப் பேர் வந்தது. ஊரிலிருந்து அவரைத் தேடி வந்து சேர்ந்துகொண்டார்கள். இதைச் சொல்லியாக வேண்டும்: அதற்குப் பிறகு அவர் யாரையும் விட்டு வந்ததில்லை. வண்டி பிடிப்பார், முதுகில் சுமப்பார். ஆனாலும் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கும்பிட்டால், தேள் கொட்டினதுபோல் அவர் முகம் சுருங்கும். நான் தண்ணீர்ப் பீலியில் குடம் பிடிக்கும்போது, "கொடுத்து வச்சவ" என்று பெண்கள் சொல்வார்கள். நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரரும் விளக்குக்காரரும் நேருக்கு நேர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தெல்தெனியவில் பட்டறை வரும்போது என் வீட்டுக்காரர் பாதையின் மறுபக்கத்துக்குப் போய் மாட்டுக்கு மறைவாக நடப்பார். விளக்குக்காரர் அவரைத் தூரத்தில் கண்டதுமே உலைக்களத்துக்குப் பின்னால் போய்விடுவார். ஒரு தடவை, போகிறவர் போய்விட்டாரா என்று இருவரும் ஒரே சமயத்தில் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். இருவரும் அப்படியே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வருஷங்கள் போயின. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு விளக்குக் கட்ட அவரைக் கூப்பிட்டார்கள். மரம் மரமாக நெருப்புப் பறவைகளைத் தொங்கவிட்டார். முருகனுடைய மயில் என்று ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "மயில் இல்ல, மயில் இல்ல" என்று கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பூசை முடிந்ததும் முதல் மரியாதை கங்காணிக்கு என்றார்கள். வழியில் யாரையும் விடாத மனுஷன் என்று பூசாரி உரக்கச் சொல்லி அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். தப்பு மேளம் முழங்கியது. என் வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். தப்பு நின்றது. பரிவட்டத்தை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இது எனக்கு வேணாம். அன்னைக்கு வண்டி நான் அனுப்பல. மூணு பேர விட்டுட்டு ஓடியாந்தவன் நானு. எம் பொண்டாட்டி போனா. வெளக்குத் தொரை போனாரு. போகக்கூடாதுன்னு நான் குறுக்க நின்னேன்."

தலையில் துணி இல்லாமல் அவர் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. விளக்குக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். எங்கள் யாரையும் பார்க்காமல் இருட்டுக்குள் நடந்து போய்விட்டார். அன்றைக்கு ஒருநாள்தான் அவர் முதல் ஆளாகக் கிளம்பினார். கடைசியில் செல்லாயியின் அம்மாதான் பேசினாள்.

"சரி, சொல்லியாச்சுல்ல. பொங்கப் பானை வழியுது. யாராச்சும் போய்ப் பாருங்க."

அடுத்த பருவத்தில் பாதி ஆட்கள் வேறு கங்காணியோடு சேர்ந்துவிட்டார்கள். பீலியில் பெண்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தவை. திருவிழாவுக்கு மறுநாள் காலையில் விளக்குக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் வெளியே போனார். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள இருவருக்கும் இடமில்லை.

"பொய் சொன்னது நான்" என்றார் விளக்குக்காரர். "நேத்து நீங்க நின்ன எடத்துல நான் நின்னிருக்கணும்."

"நீங்க எதுக்கு நிக்கணும்? விட்டுட்டு வந்தது நானு."

"நான் சொன்ன பொய்யாலதான் இத்தனை வருசம் கஷ்டப்பட்டீங்க."

"பொய்ய வாங்கித் தின்னது நானுங்க."

"குடுத்தது நான்."

"நான் வேணாம்னு சொல்லிருக்கணும்."

குரல் ஏறிக்கொண்டே போனது. சொத்துக்குச் சண்டை போடுகிற பங்காளிகள்போல நின்றார்கள். லயத்தில் கதவுகள் திறந்தன.

"ரெண்டு பேரும் உள்ள வந்து சண்டை போடுங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

வந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரொட்டி சுட்டுப் போட்டேன், கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் விளக்குக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தூணுக்குப் பக்கத்தில இருந்தவர்" என்றார். "நான்தான் அவரைக் குழியில வச்சேன். அவர் பேர் எனக்குத் தெரியாது."

அத்தனை வருஷத்தில் நானும் அதைக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"சடையன்" என்றார் கடைசியில். "துறையூருக்குப் பக்கத்து ஆளு. கல்யாணம் ஆகல. நல்லாப் பாடுவான். மன்னார்லேர்ந்து வழி நெடுக அவன் பாடிக்கிட்டே வந்தான், அந்தப் பாட்டக் கேட்டுக்கிட்டேதான் நாங்க நடந்தோம்."